மேட்டில் வண்டி எடுக்கத் தெரிந்தவருக்கே உரிமம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரிக்குச் சுற்றுலா வரும் வாகனங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகளும் கடிதங்களும் வெளியாகின்றன. 2024 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ், கோடைப் பருவத்தில் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாடு, ஊட்டியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமை ஆகிய எல்லாமே பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் இந்த நெரிசலை இன்னும் மோசமாக்கி, விபத்துக்கும் வழிவிடுகிற ஒரு காரணம் மட்டும் யார் கண்ணிலும் படுவதாகத் தெரியவில்லை. சமவெளியில் உரிமம் பெற்று, கியர் மாற்றி ஓட்டும் காரில் மலையேறி வருபவர்களில் பலருக்கு, ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்ட வண்டியைப் பின்னால் உருளவிடாமல் மீண்டும் எடுக்கத் தெரியவில்லை. குன்னூரில் நீண்ட காலம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில், பர்லியாறுக்கு மேலே, ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரமாக, விடுமுறை நாளின் முற்பகலில் சிறிது நேரம் நின்று பார்த்தாலே நான் சொல்வது விளங்கும். மேலிருந்து பேருந்து ஒன்று இறங்குகிறது. ஏறி வரும் வரிசை நிற்கிறது. பேருந்து கடந்ததும் முன்னால் நிற்பவை ஒவ்வொன்றாக நகர்கின்றன. ஒரு காரின் பிரேக் விளக்கு அணைகிறது. அந்தக் கணமே கார் பின்னால் சரியத் தொடங்குகிறது. பின்னால் இருப்பவர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். பதறிப்போன ஓட்டுநர் கிளட்சைச் சட்டென்று விட, எஞ்சின் ஒரு குலுக்கலுடன் நின்றுவிடுகிறது. அடுத்த முயற்சியில் ஆக்ஸிலரேட்டரை அலற அலற மிதிக்கிறார். கிளட்ச் பிளேட் கருகும் வாடை சாலை முழுக்கப் பரவுகிறது. கடைசியில் உள்ளே இருப்பவர்களில் ஒருவர் இறங்கி ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். சரிகிற வண்டிக்குப் பின்னால் குனிந்து சக்கரத்தின் அடியில் கையை நீட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த நேரத்தில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு வண்டி இப்படித் தடுமாறினால், கீழே வரிசை கட்டி நிற்கும் அத்தனை வண்டிகளும் அதே ஏற்றத்தில் நின்று, அவையும் மறுபடி எடுத்தாக வேண்டும்.

இது ஏதோ சிறப்புத் திறமை என்றும், மலைவாசிகளுக்கு மட்டுமே உரியது என்றும் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, உரிமத் தேர்வில் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று வரிசையாகக் கூறுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கையோ ஆக்ஸிலரேட்டரையும் கால்பிரேக்கையுமோ முறையாகப் பயன்படுத்தி, சிறிதும் பின்னால் உருளாமல் மீண்டும் எடுத்துக் காட்ட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. சென்னையில் தேர்வு எழுதினாலும் தஞ்சாவூரில் எழுதினாலும் இந்த விதி பொருந்தும். நடைமுறையிலோ, சமதளமான மைதானத்தில் ‘எட்டு’ அல்லது ‘எச்’ வடிவில் ஓட்டிக் காட்டிவிட்டு, சாலையில் சிறிது தூரம் போய்த் திரும்பினால் உரிமம் கைக்கு வந்துவிடுகிறது. பயிற்சிப் பள்ளியில் காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சியும், அதில் 10 மணி நேரமாவது நேரடியாக ஓட்டுதலும் வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை மேட்டுக்கு ஒதுக்கினாலே போதும் என்பது என் அனுபவம்.

மேட்டில் வண்டி எடுப்பது ஏன் கடினமாகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால், முறை தானாகவே விளங்கும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலைத் தரத்தின்படி போடப்படும் மலைச்சாலைகளில் சரிவு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. பழைய பாதைகளிலும், எஸ்டேட் சாலைகளிலும், வளைவுகளின் உள்விளிம்பிலும் இதைவிட மிகுதி. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக 1,300 கிலோ எடையுள்ள காரை அந்த ஏற்றத்தில் பூமி ஏறத்தாழ 130 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிரேக்கை விட்டுவிட்டால் முதல் நொடியில் வண்டி சுமார் 40 சென்டிமீட்டர் உருளும். இரண்டாவது நொடி முடியும்போது ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். கால்பிரேக்கில் இருக்கும் வலது காலைத் தூக்கி ஆக்ஸிலரேட்டரில் வைத்து, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கப் புதியவருக்கு அந்த இரண்டு நொடி தேவைப்படுகிறது. சமதளத்தில் அந்த இரண்டு நொடியால் ஒன்றும் ஆகிவிடாது. மலையில் அதற்குள் பின்னால் நிற்கும் வண்டியின் முகப்பு நொறுங்கிவிடும்.

உயரமும் தன் பங்குக்கு வேலை காட்டுகிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும், ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்துவிடும். ஏசியும் ஓடிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். எனவே கோயம்புத்தூரில் எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் மிதித்துப் பழகியிருக்கிறாரோ அதே அளவை மிதித்துக்கொண்டு ஒருவர் இங்கே கிளட்சை விட்டால், எஞ்சின் நின்றுபோவதில் வியப்பில்லை. ஏற்றத்தில் வண்டி எடுக்கும் அந்தச் சில நொடிகளுக்காவது ஏசியை அணைத்துவிடுவது நல்லது.

இனி முறைக்கு வருகிறேன். புதியவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்லிக்கொடுத்தது கைப்பிரேக் முறையைத்தான். நின்றவுடன் கால்பிரேக்கை அழுத்தியபடியே கைப்பிரேக்கை நன்றாக மேலே இழுத்துவிட வேண்டும். அதன் பிறகு காலை எடுத்தாலும் வண்டி அசையக்கூடாது. பெரும்பாலான சிறிய கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் வண்டியில் எடையும் பின்சக்கரங்களுக்கே கூடுதலாகப் போவதால், நல்ல நிலையில் உள்ள கைப்பிரேக் நம்பிக்கையாகப் பிடிக்கும். லீவரை மேலே தூக்கிக்கொண்டே போன பிறகுதான் பிடிக்கிறது என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதை மலைக்குக் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்திருக்க வேண்டும்.

முன்னால் வழி கிடைத்ததும், கிளட்சை முழுவதுமாக அழுத்தி முதல் கியரைப் போட வேண்டும். வலது காலால் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி, எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வரை ஓடும் அளவில் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது கிளட்சை மிக மெதுவாக மேலே விட வேண்டும். ஓர் இடத்தில் எஞ்சினின் ஒலி தாழும். பானெட் சற்றே நிமிரும். இருக்கையின் வழியாக வண்டி முன்னால் உந்த முனைவது உடம்புக்குத் தெரியும். ஆஃப் கிளட்ச் என்று ஓட்டுநர்கள் சொல்லும் இடம் அதுதான். பின்னால் இழுக்கும் எடையும் முன்னால் தள்ளும் எஞ்சினும் தராசின் இரண்டு தட்டுகளைப் போல அங்கே சமநிலைக்கு வருகின்றன. இந்த இடத்தில் இடது கால் மரத்துப்போனதுபோல நிற்க வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: கைப்பிரேக்கை விடுவிக்கக் கை போகும்போது, அறியாமலே காலும் கூடவே அசைந்துவிடுகிறது. கைப்பிரேக் லீவரைத் துளி மேலே இழுத்து, பொத்தானை அழுத்தி, சீராகக் கீழே இறக்க வேண்டும். வண்டி பின்னால் போகாமல் அப்படியே நின்றாலோ முன்னால் ஊர்ந்தாலோ கிளட்ச் சரியான இடத்தில் இருக்கிறது. பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சிறிது கூட்டி, வண்டி ஓரிரு மீட்டர் நகர்ந்த பின்னரே கிளட்சை முழுவதும் விட வேண்டும். பின்னால் சரிந்தால் கிளட்சோடு போராடாமல் உடனே கால்பிரேக்கை மிதித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த முறையில் எஞ்சின் பிடித்துவிட்டது என்று உறுதியாகத் தெரியும் வரை வண்டி கைப்பிரேக்கின் பொறுப்பிலேயே இருக்கிறது. ஓட்டுநருக்கு அவசரமே இல்லை. பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் அவர் நிதானமாகச் செய்யலாம். கைப்பிரேக் போட்டு எடுப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்று சிலர் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக இந்தச் சாலையில் ஓட்டும் டாக்ஸி ஓட்டுநர்களுக்குக்கூட, ஆட்களை ஏற்றிக்கொண்டு செங்குத்தான இடத்தில் நின்றுவிட்டால் கை தானாகக் கைப்பிரேக்குக்குத்தான் போகிறது.

சரிவு மிதமாக இருந்தால் கால்பிரேக் முறையே போதும். பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை அந்தப் பிடிக்கும் இடம் வரை உயர்த்தி, எஞ்சின் ஒலி தாழ்ந்ததும் பிரேக்கை மெல்லத் தளர்த்திப் பார்த்து, வண்டி நிற்கிறது என்று தெரிந்த பிறகு வலது காலை ஆக்ஸிலரேட்டருக்கு மாற்றுவதே இதன் சாரம். குறைந்த சுற்றிலும் இழுவை மிகுந்த டீசல் வண்டிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். சிறிய பெட்ரோல் வண்டியில் கவனம் தப்பினால் எஞ்சின் நின்றுவிடும். குதிகாலால் பிரேக்கையும் விரல்களால் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே நேரத்தில் அழுத்தும் வித்தையைப் பழகியவர்கள் செய்துகொள்ளட்டும். குடும்பத்தோடு முதன்முறை மலையேறுபவர் முயன்று பார்க்க வேண்டிய ஒன்றல்ல அது.

நான் மிகுந்த வருத்தத்துடன் பார்க்கும் பழக்கம் வேறொன்று. வரிசை நிற்கும்போது கைப்பிரேக்கும் போடாமல், கால்பிரேக்கும் மிதிக்காமல், ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் தாங்கிப் பிடித்து நிற்கிறார்கள். இதைத் திறமை என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நேரம் முழுவதும் கிளட்ச் பிளேட், சுழலும் ஃப்ளைவீலோடு உராய்ந்து சூடேறிக்கொண்டே இருக்கிறது. மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை இப்படியே செய்துகொண்டு வந்தால் ஒரே பயணத்தில் கிளட்ச் தேய்ந்து, பாதி வழியில் வண்டி நின்றுவிடக்கூடும். கருகல் வாடை வந்துவிட்டால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் ஆறவிடுவது ஒன்றே வழி.

எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அமைப்புக்கு வழங்கல் நின்றுவிடும். உள்ளே எஞ்சியிருப்பது ஓரிரு மிதிகளுக்கு மட்டுமே போதும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, உடனே கைப்பிரேக்கை இழுக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிப்போகும் என்பதால், அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. வண்டி நின்றது உறுதியான பிறகு கிளட்சை அழுத்தி எஞ்சினை இயக்கலாம்.

புதிய கார்களில் ஏற்றத்தில் தாங்கிப் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி வந்துவிட்டதே, பிறகு இந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த வசதி நல்லதுதான். ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு பொதுவாக இரண்டு நொடி வரைதான் வண்டியைப் பிடித்து வைக்கும். அதற்குள் எடுக்காவிட்டால் வண்டி உருளத்தான் செய்யும். சாலையில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அதில் கிளட்ச் மிதி இல்லையே தவிர, உள்ளே இருப்பது அதே உராய்வுக் கிளட்ச்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைத்தால் அதுவும் கருகும்.

எடுக்கத் தெரிவதோடு, நிற்கத் தெரிவதும் வேண்டும். முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டிக்கொண்டு நிற்காமல், ஒரு கார் நீளமாவது இடம் விட்டு நிற்க வேண்டும். லாரிக்கும் பேருந்துக்கும் பின்னால் அதைவிடக் கூடுதலாக விட வேண்டும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் போய் மாட்டிக்கொள்வதைவிட, முன்னால் போகும் வண்டி வளைவைக் கடக்கும் வரை கீழே நேரான பகுதியில் காத்திருப்பது எவ்வளவோ மேல். மழையிலும் பனிமூட்டத்திலும் பாசி படிந்த ஓரங்களில் நின்றுவிட்டால் முன்சக்கரங்கள் வழுக்கிச் சுழலும்; அப்போது ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, மென்மையாக எடுக்க வேண்டும்; மிதிக்க மிதிக்கச் சுழற்சிதான் கூடும். குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டம். இறங்குபவர்கள் இதை மதித்தாலே, ஏற்றத்தில் நின்று எடுக்க வேண்டிய நிலை பாதியாகக் குறையும்.

நிறுத்திவிட்டுப் போகும்போது ஏற்றம் பார்த்த வண்டியை முதல் கியரிலும், இறக்கம் பார்த்த வண்டியை ரிவர்ஸ் கியரிலும் விட்டு, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைக்க வேண்டும். கல் வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கிளம்பும்போது தயவுசெய்து அதை எடுத்து ஓரமாகப் போடுங்கள். யாரோ விட்டுச்சென்ற கல்லில் இரவில், மூட்டத்தில், இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போய்த் திரும்பும் எங்கள் ஊர்க்காரர்கள் விழுகிறார்கள். வண்டியின் டிக்கியிலேயே ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டால், சாலையோரத்தில் கல் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

அரசுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் என் கோரிக்கைகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தேர்வு மைதானத்திலும் ஒரு கான்கிரீட் ஏற்றம் அமைக்கப்பட வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில், ஒரு கார் நின்று எடுக்கும் நீளம் இருந்தால் போதும். டெல்லியின் தானியங்கித் தேர்வுத் தளங்களில் ஏற்றமும் தேர்வின் ஒரு பகுதியாக இருக்கும்போது, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறையின் 40-ம் கொல்லிமலையின் 70-ம் உள்ள தமிழ்நாட்டில் அது எல்லாத் தேர்வு மைதானங்களிலும் இல்லாமல் இருப்பதற்கு நியாயமில்லை. 15-ஆவது விதி சொல்வதைச் செய்து காட்டாத எவருக்கும் உரிமம் வழங்கக்கூடாது. இ-பாஸ் விண்ணப்பிக்கும்போது வண்டி எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் கேட்கிற அதே பக்கத்தில், கைப்பிரேக் போட்டு வண்டி எடுக்கும் முறையைத் தமிழிலும் அண்டை மாநில மொழிகளிலும் ஒரு நிமிடக் காணொளியாகக் காட்டலாம். அடிவாரச் சோதனைச் சாவடிகளில் எப்படியும் வரிசையில் காத்திருப்பவர்களுக்கு இதையே ஒரு துண்டுச்சீட்டாகக் கொடுக்கலாம்.

இவை நடக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. சமவெளியில் மேடு இல்லை என்று பயிற்சிப் பள்ளிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏரிக்கரை மேல் ஏறும் சாலை இல்லாத வட்டாரம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? நடமாட்டம் இல்லாத காலை நேரத்தில், பழகியவர் ஒருவரைப் பக்கத்து இருக்கையில் அமர்த்திக்கொண்டு, அந்த ஏற்றத்தின் நடுவில் நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்கு ஓர் அடி பின்னால் ஒரு வெற்று அட்டைப்பெட்டியை வைத்துவிட்டு வந்து வண்டியை எடுங்கள். பெட்டி நசுங்காமல் தொடர்ந்து பத்து முறை எடுக்க முடிந்த பிறகு, பெட்டியைச் சக்கரத்துக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தி, வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடி செய்து பாருங்கள். மலையில் வண்டி எப்போதும் நிறைந்தே இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டுநர் பயிற்றுநர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.